கடைசி ஜெபம் அவளுடையது

புதன்கிழமை சாயங்காலமானால் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது அந்தச் சின்னச் சபையின் வழக்கம். வந்தவர்களில் விருப்பமுள்ளவர்கள் ஒவ்வொருவராக ஜெபித்த பிறகு, கடைசி ஜெபத்தை அந்த வீட்டுக்காரர்தான் ஏறெடுக்க வேண்டும். அவர் ஆமென் சொல்கிறவரை யாரும் முழங்காலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, மீறினவர் ஒருவரும் இல்லை.

அந்த வாரம் இஸ்திரி அக்காவின் முறை. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி காலர், கை, முதுகு என்று சட்டை சட்டையாகத் தேய்ப்பவள் அவள். கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் கட்டிலில் புருஷன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை, கால், வாய் எல்லாம் விழுந்துவிட்டன. ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். மற்றபடி உதவிக்கு ஈ காக்கை கிடையாது.

ஒரு காலத்தில் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், “இஸ்திரி அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க ஜெபிச்சா சரியாயிடும்” என்பார்கள். அந்த அக்கா, புருஷன் விழுந்த நாளிலிருந்து ஜெபிக்கவே இல்லை. மண்டியிட்டால் மண்டைக்குள் வெறும் நீராவிதான். ஆண்டவர் தன்னைக் கைகழுவிவிட்டாரா, தான் அவரைக் கைகழுவிவிட்டோமா என்று யோசிக்கவும் தெம்பில்லை. இன்றைக்கு எல்லார் முன்னாலும் சாயம் வெளுத்துவிடும் என்று காலையிலிருந்தே பயம்.

எல்லாரும் கட்டிலைச் சுற்றி மண்டியிட்டார்கள். தையல்காரி ஜெபித்தாள், இன்னும் நாலு பேர் ஜெபித்தார்கள். பிறகு ஓய்வுபெற்ற தபால்காரர் தொடங்கினார். சபையில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பட்டப்பெயர். “அஞ்சே நிமிஷம்” என்று ஆரம்பித்து, உலக நாடுகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கரை ஏறுவார். இஸ்திரி அக்கா கட்டில் விளிம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஒருவழியாக அவர் முடித்ததும், “ஆண்டவரே” என்றாள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கழுத்து வலித்து விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. புருஷனின் நல்ல கை அவள் தலைமேல் இருந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் இன்னும் முழங்காலில் நின்றார்கள். தையல்காரி ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிக்கு மாறி மாறிச் சாய்ந்துகொண்டிருந்தாள். இஸ்திரி அக்காவாவது, ஜெபத்தில் தூங்குவதாவது! மனசுக்குள் போராடி ஜெபிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். புருஷனின் கை அவள் தலைமேல் விழுந்ததைப் பார்த்த பிறகு ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஆமென் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். நல்ல பெயரும் மிஞ்சும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பொய்யைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு வேண்டுமே.

“நான் ஜெபிக்கல. தூங்கிட்டேன்” என்றாள். “இன்னைக்கு மட்டும் இல்ல. இவர் விழுந்ததுல இருந்தே எனக்கு ஜெபம் வரல. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டிருந்தேன்.”

தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

“எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? வீட்டுக்காரி போனதுக்கப்புறம் மனப்பாடமா ஒப்பிக்கிறேம்மா. நிறுத்தினா அழுதுடுவேன்னுதான் இழுத்துக்கிட்டே போறேன்.”

“ஐயா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா எங்க முட்டியாவது பிழைச்சிருக்கும்” என்றாள் தையல்காரி. முதலில் சிரித்தது கட்டிலில் கிடந்தவர், பாதி வாயால். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தபால்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனா நீங்க இன்னும் முடிக்கலையேக்கா” என்றாள் தையல்காரி மெல்ல.

“என்னன்னு சொல்ல?”

“எங்ககிட்ட சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க.”

அவள் மறுபடி தலையைச் சாய்த்தாள். அழகான ஜெபமெல்லாம் செய்து பேர் வாங்கியவளுக்கு இப்போது திக்கித் திக்கித்தான் வந்தது.

“ஆண்டவரே, ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். இவரைத் தூக்க முடியல. நீங்க இருக்கீங்களான்னும் தெரியல. இருந்தா, எங்கயும் போயிடாதீங்க.”

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. மாதக்கணக்கில் வராத அழுகை. பதில் என்று எதுவும் கேட்கவில்லை, கட்டிலில் கிடந்தவர் எழுந்து நடக்கவும் இல்லை. நாளைக்கும் சட்டைகள் மலையாகக் குவிந்திருக்கும். ஆனாலும் தான் தூங்கிய நேரத்திலும் ஆண்டவர் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. நெஞ்சு லேசானது.

எல்லாரும் அவளுடைய ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். சொன்னால் முடிந்துவிடும். அவளுக்கு முடிக்க மனம் வரவில்லை.