நுஸ்ஹாவின் மரப்பிடி

பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். இது இரத்தம் வருகிற கதை. பயமென்றால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவழியில் விட்டுவிட மாட்டேன்.

மருதமுனையில் நுஸ்ஹா என்றொரு பெண். தறிக்காரக் குடும்பம். அம்பாறையில் ஒரு கழகத்தில் காற்றுப் பிஸ்டலால் இலக்குச் சுடப் பழகியவள். கொழும்பில் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. இடைஞ்சல் பிஸ்டலின் மரப்பிடிதான். யாரோ பெரிய கைக்காரனுக்குச் செய்தது. அவள் கைக்குள் ஆடியது, வியர்த்தால் வழுக்கியது. பயிற்சியாளர் புண்ணியமூர்த்தி பிஸ்டலைக் கழகத்தில் பூட்டிவிட்டு, பிடியை மட்டும் கழற்றிக் கொடுத்து, வீட்டில் சரிபண்ணி வரச் சொன்னார்.

தறிக் கொட்டிலில் வேலை தொடங்கியது. உள்ளங்கையில் அரைத்த மருதோண்டியைப் பூசிப் பிடியை இறுக்கிப் பிடிப்பாள். மரத்தில் பச்சை ஒட்டிய இடம் மேடு; அதை அரத்தால் ராவுவாள். ஒட்டாத இடம் பள்ளம். மரத்தூளும் பசையும் குழைத்து அப்புவாள். பிறகு தீட்டிய ஆணியைச் சுத்தியலால் தட்டி, வழுக்காதபடி நெருக்க நெருக்கமாகப் புள்ளி குத்துவாள். வலது கை சிவந்தே போனது.

பக்கத்து வீட்டு ஆகிலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "புதுப்பொண்ணுக் கைதான். மாப்பிள ஆருகா, இந்தக் கட்டையா?"

"ஓம்கா. எதிர்த்துக் கதைக்காது."

பசை வாங்கக் கடைக்குப் போனபோது அந்தக் கையைச் சுபியான் கண்டுவிட்டான். மாமி மகன், தோணிக்காரன். அவள் வேண்டாமென்று சொல்லியும், எனக்குள்ளவள் என்று கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தவன். பெருநாளும் இல்லை, பெண்ணின் கை சிவந்திருக்கிறது. களவாக நிக்காஹ் முடிந்துவிட்டது என்றே அவன் முடிவுகட்டினான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கொட்டிலுக்குள் பாய்ந்தான். அவள் எழும்பமுதல் கன்னத்தில் அறைந்தான். தலை தறிமரத்தில் மோதிக் காது இரைந்தது.

"ஆருக்குடி இந்தக் கை?"

"கட்டைக்கு, மச்சான். அளவெடுக்கத்தான் பூசின. இஞ்ச பாரு."

அவன் பார்க்கவில்லை. முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்து, அவள் வலது கையைப் பலகையில் வைத்து முழங்காலால் அமர்த்தினான். சுத்தியலை எடுத்தான்.

"ஒருத்தனுக்கும் உதவாமப் பண்ணுறன்."

முதல் அடி பெருவிரலில். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. நகம் பிளந்து இரத்தம் பலகையில் ஓடியது. மறுபடி ஓங்கினான், இந்தமுறை சுட்டுவிரலுக்கு. விசை இழுக்கிற விரல் அது. அது போனால் கொழும்பும் போச்சு.

அவளுடைய இடது கை துழாவி ஆணியைப் பிடித்தது. அவன் தொடையில் குத்தினாள். உருவி மறுபடி குத்தினாள். சுத்தியல் குறிதவறிப் பலகையைப் பிளந்தது. அடுத்த குத்தில் ஆணி அவன் முன்கையில் ஏறி மறுபக்கம் வெளியே வந்தது. அலறிக்கொண்டு தறிப் பாவுக்குள் மல்லாக்க விழுந்தான். வெள்ளை நூலெல்லாம் சிவப்பு.

உம்மா சபூறா ஓடிவந்தபோது, மகள் சுத்தியலோடு அவன் தலைமாட்டில் நின்றாள்.

"அசைஞ்சா அடிப்பன்," என்றாள். பொலிஸ் வரும்வரை அப்படியே நின்றாள்.

மாமி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். பெடியன் ஆசையில் செய்துவிட்டான், வழக்கு வேண்டாம், இருவருக்கும் நிக்காஹ் முடித்துவைப்போம் என்றாள். நுஸ்ஹா பொலிஸ் முறைப்பாட்டில் இடது கையால் ஒப்பம் வைத்தாள். சுபியான் மறியலில் அடைபட்டான்.

கட்டு அவிழ்த்தபோது பெருவிரல் மடங்கவில்லை. பிடியில் அந்த விரலுக்கென்று இருந்த மேடையில் பட்டாலே உயிர் போனது. கொழும்புக்குப் போகாதே என்று உம்மா கெஞ்சினாள்.

"பெருவிரல் சும்மா இருக்கிற விரல், பிள்ள. சுடுறது அது இல்ல," என்றார் புண்ணியமூர்த்தி.

அந்த மேடையை அவள் ரம்ப வாளால் அறுத்தெறிந்தாள். வெட்டிய இடத்தை ராவிப் புதிதாகப் புள்ளி குத்தினாள். கொழும்பில் ஒவ்வொரு சூட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெரிவானவர்களில் கடைசியாக வாசித்த பெயர் அவளுடையது.

என் செல்லங்களே, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் மேல் ஒரு கையும் ஓங்காதிருக்கட்டும். உங்கள் ஆண்பிள்ளைகளுக்குக் கேட்கிற காதையும் பார்க்கிற கண்ணையும் அல்லாஹ் கொடுக்கட்டும். உங்கள் வீடுகளில் பரக்கத் இறங்கட்டும்.