கிஷாந்த் கீறிய கோடு

கிஷாந்துக்குப் பொறியியல் என்றால் நிறம், அவ்வளவுதான். கணினித் திரையில் இரும்புச் சட்டம் சிவப்பாகத் தெரிந்தால் முகம் சுருங்கும். பச்சையானால் தேநீர் குடிக்கப் போய்விடுவான். இவனுக்கும் யாரோ பட்டம் கொடுத்திருக்கிறார்களே என்று, அங்கே அவனுக்கு மூத்த பொறியியலாளரான உஷாந்திக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த இரண்டாம் மாடி அலுவலகம் அது. அன்று ஏதோ ஓர் அளவு தேவைப்பட்டு அவனுடைய கோப்பைத் திறந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் என்ற அம்மா கட்டும் கலியாண மண்டபத்தின் முகப்புக் கூரை. அதைத் தாங்குவது ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல ஒரு பக்கம் திறந்திருக்கும் மெல்லிய தகட்டுச் சட்டம். கூரையின் ஓரத்தில் பாரமான பெயர்ப்பலகை தொங்கப்போகிறது. அது சட்டத்தை முறுக்கும். திறந்த சட்டம் முறுக்குக்கு நிற்காது என்பது முதலாம் வருடப் பாடம்.

மென்பொருளும் பாவம், அதைத்தான் சிவப்பில் சொல்லியிருக்கும். மகாராசன் கிஷாந்த் என்ன செய்திருக்கிறான்? திறந்த பக்கத்தில் ஒரு கோடு கீறி அடைத்திருக்கிறான். திரையில் சட்டம் குழாயாகிவிட்டது, முறுக்கைத் தாங்கும் வலு நூறு மடங்கு கூடிவிட்டது. எல்லாம் பச்சை.

“இதென்ன கோடு?”

“அதைப் போட்டாத்தான் அக்கா பாஸ் ஆகுது.”

“இரும்புக் கடையில இந்தக் கோட்டையும் சேர்த்துத் தருவினமோ?”

அவன் இளித்தான். “கனகசபாபதி சேர் பார்த்தவர்தானே.”

பார்த்தாராம்! முதலாளி கனகசபாபதி எந்த வரைபடத்திலும் பார்ப்பது தான் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும். உஷாந்தி அவர் அறைக்குள் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

“நாளைக்குக் காலமை பலகை ஏத்தப்போகினம், பிள்ளை. இப்ப போய்ப் பிழை எண்டு சொன்னால் எங்கட பேர் என்னாகும்? ஒண்டும் நடக்காது, விடும்.”

“கீழ சனம் நிக்கும், சேர்.”

“அப்ப இதையும் ஒருக்கா வடிவாப் பாரும்,” என்று வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார். ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்கிசைக்கு ரயில் பிடிக்கும் அவசரத்தில் போட்டது. கோப்பைத் திறக்கவேயில்லை. கிஷாந்தின் வேலையை உட்கார்ந்து பார்ப்பதே தனக்குக் கேவலம் என்று நினைத்திருந்தாள். அந்த நினைப்பு இப்போது அவளுக்கே அருவருத்தது.

வெளியே கிஷாந்த் தேநீரோடு நின்றான். அவனை ஏசுவதற்கு எத்தனையோ சொற்கள் வைத்திருந்தாள்; ஏசாமல் அவனைத் தாண்டித் தன் மேசைக்குப் போனாள். தொலைபேசியை எடுத்துப் பிறிஜெற்றை அழைத்தாள்.

“அன்ரி, நாளைக்குப் பலகையை ஏத்தாதேங்கோ. அந்தச் சட்டம் தாங்காது.”

“என்ன மகள் சொல்றீங்க? அப்ப இதச் செக் பண்ணின மடையன் யாரு?”

“நான்தான் அன்ரி. பாக்காமல் சைன் வச்சனான்.”