அவள் விழவில்லை

இலங்கைச் சிறையிலிருந்து மீனவன் ரகுநாத் விடுதலையாகி வந்த அன்று ஜெகதாப்பட்டினத்தில் அவன் தெருவே பட்டாசு வெடித்தது. அவனை விடுவிக்கச் சொல்லி ஊரே ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்திருந்தது. அவன் மனைவி புவனேஸ்வரி, எட்டு வயது மகள் கார்த்திகாவை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் முதல் வரிசையில் இருந்தாள்.

போன ஆள் வேறு, வந்த ஆள் வேறு. விசைப்படகு அங்கேயே பறிபோயிற்று. சொந்தப் படகில் போனவன் இப்போது அடுத்தவன் படகில் கூலிக்குப் போனான். கரையேறினால் குடித்தான். குடித்தால் கோபம் வந்தது. அதைத் தன்னைப் பிடித்துப்போன கடற்படையிடம் காட்ட முடியாது. படகுக்காரரிடம் காட்டினால் மறுநாள் வேலை இருக்காது. திருப்பி அடிக்க முடியாத மகள் வீட்டில் இருந்தாள்.

முதலில் கை, பிறகு பெல்ட். புவனேஸ்வரி குறுக்கே விழுந்தால் அவளுக்கும் அடி. பக்கத்து வீட்டு அருள்மணி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான். பிள்ளையின் முதுகில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து டீச்சர் கூப்பிட்டு விசாரித்தபோது, “மாடிப்படியில விழுந்துட்டா டீச்சர்” என்றாள் புவனேஸ்வரி. அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும். “பாத்துக்கங்கம்மா” என்று சொல்லி அவர் அதோடு விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கார்த்திகா குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். ரகுநாத் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த புவனேஸ்வரிக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். புவனேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள்.

“மாடிப்படியில விழுந்துட்டேன் டாக்டர்.”

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள். வலியில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதானா என்று நினைத்தாள் புவனேஸ்வரி.

“இல்லங்க டாக்டர்,” என்றாள். “அவ விழல. அவ அப்பாதான் கையை ஒடிச்சாரு. இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்காரு. எழுதிக்கங்க.”

அன்று சாயங்காலமே போலீஸ் வந்து ரகுநாத்தை அழைத்துப் போனது.

மறுநாள் காலை தெரு அவள் வாசலில் நின்றது. ரகுநாத்தின் சித்தப்பா பிச்சைதான் முதலில் பேசினார்.

“ஏம்மா புவனேஸ்வரி, செறையில கெடந்து சாகாம வந்தவன மறுபடி செறைக்கு அனுப்புறியே, ஒனக்கு மனசே இல்லையா?”

“எம்புள்ள கையைப் பாத்தீங்களா மாமா?”

“பெத்தவன் ரெண்டு அடி அடிக்கிறதுதான். எங்கப்பன் அடிக்காத அடியா? கேஸை வாபஸ் வாங்கு. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா, போலீஸ் ஏறுன வீடும்பாங்க.”

“குடும்பத்துக்குள்ள முடிச்சிருக்கலாம்,” என்றான் அருள்மணி.

அவ்வளவு நேரம் அடங்கியிருந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாசல்படியை விட்டு இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

“எந்தக் குடும்பத்துக்குள்ள? அவ அலறுறப்பெல்லாம் நீங்க சுவத்துக்கு அங்கிட்டுதான இருந்தீங்க? ஒரு நாளாவது வந்து கதவத் தட்டுனீங்களா? இலங்கையில அவர அடிச்சாங்கன்னு கேட்டதும் நாம எல்லாரும் போயி ரோட்டுல உக்காந்தோம். நானும் உக்காந்தேன். எம்புள்ளய அடிச்சப்ப எவன் உக்காந்தான்? அவ ஊரு புள்ள இல்லையா? சொல்லுங்க மாமா. நம்ம ஆள அடுத்தவன் அடிச்சாத்தான் அநியாயமா?”

பிச்சை தலையைத் திருப்பிக்கொண்டார். “பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை. கடைக்காரர்கூட அவளை நிற்கவைத்துவிட்டுப் பின்னால் வந்தவர்களுக்குச் சாமான் போட்டார்.

குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து விசாரித்தபின், அவர்களிடம் சொல்லிவிட்டு அவள் கீரமங்கலத்தில் இருக்கும் அக்கா அன்புமொழி வீட்டுக்கு மகளோடு போய்ச் சேர்ந்தாள். பூ மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. கார்த்திகாவை அங்கேயே பள்ளியில் சேர்த்தாள்.

ஜாமீனில் வந்த ரகுநாத் ஒருநாள் போனில் அழுதான்.

“இலங்கையில என்னைய என்ன பாடு படுத்துனாய்ங்கன்னு ஒனக்குத் தெரியாது புவனா.”

“தெரியுங்க. தூக்கத்துல நீங்க அலறுனப்ப பக்கத்துல படுத்திருந்தது நான்தான். அடி எப்படி வலிக்கும்னு எல்லாரையும் விட ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சிருந்தும் அவ மேல எப்படிங்க கை வச்சீங்க?”

அவன் மெல்ல, “கேஸை மட்டும்…” என்று ஆரம்பித்தான்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரகுநாத்துக்காக ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வருகிறது. புவனேஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருகிறாள். கோர்ட் வராந்தாவில் அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, நடுவில் கிடக்கும் பெஞ்சில்தான் உட்காருகிறாள்.