பின்பக்கத்து போல்ட்

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஆனால் பிழைப்பு ஒரே ஷெட்டில். ஒரே காரின் வயிற்றுக்குள் இரண்டு பேரும் கையை விட்டாக வேண்டும். ஒருவன் மேலிருந்து நட்டைப் பிடித்தால்தான் இன்னொருவன் கீழிருந்து போல்ட்டைத் திருப்ப முடியும். பேசாமல் எப்படி வேலை நடக்கும்? அதற்குத்தான் பெரியவனின் மனைவி இருந்தாள்.

"மெதுவா திருப்பச் சொல்லு அவனை" என்பான் பெரியவன், பானட்டுக்குள் தலையை விட்டபடி.

"தம்பி, மெதுவா திருப்பணுமாம்" என்பாள் அவள், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்து.

"மெதுவாத்தான் திருப்புறேன்னு சொல்லுங்க அண்ணி. அவரு பிடிச்ச பிடிதான் வழுக்குது."

"மெதுவாத்தான் திருப்புறாராம்" என்று பாதியை மட்டும் மேலே அனுப்புவாள். மிச்சத்தை விழுங்கிவிடுவாள். இப்படி விழுங்கி விழுங்கியே அவளுக்கு வயிறு நிறைந்துபோயிருந்தது.

ஒருவன் சொல்வது அடுத்தவன் காதில் நேராக விழத்தான் செய்யும். இருவருக்கும் நடுவே ஒரு எஞ்சின்தானே இருந்தது. ஆனாலும் அவள் வாய் வழியாக வந்து சேரும்வரை அது சொல்லப்பட்டதாகவே கணக்கில்லை. பெரியவன் ஸ்பானரைப் பிடித்தபடி காத்திருப்பான். சின்னவனும் அப்படியே. அவள் அடுப்படியில் இருந்தால் வேலை நின்றுவிடும்.

சண்டைக்குக் காரணம் சின்னவனுக்கு நடக்கவிருந்த கல்யாணம். சின்ன வயதில் அவனுக்கு வலிப்பு வந்ததுண்டு. பெரியவன் அதைப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டான். "நாளைக்குத் தெரிஞ்சு, அந்தப் பொண்ணு நம்ம மேல மண்ணை வாரித் தூத்தக் கூடாதுல்ல" என்பது அவன் நியாயம். "எப்பவோ என்னை விட்டுப் போன வலிப்பை இவரு கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வச்சுட்டாரு" என்பது சின்னவனின் நியாயம். அந்த இடம் நின்றுபோனது. அன்றைக்கு வாயை மூடிய சின்னவன் பிறகு அண்ணனிடம் திறக்கவில்லை. அவனாகப் பேசட்டும் என்று பெரியவனும் விட்டுவிட்டான். அவளுக்கு இரண்டு நியாயமும் நியாயமாகவே பட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு.

டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். கியர் போட்டால் தடாலென்று ஒரு உதை, நின்றால் உடம்பெல்லாம் நடுக்கம். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டுகளில் ரப்பர் செத்துவிட்டது, மூன்றையும் மாற்ற வேண்டும் என்று பார்த்தவுடனேயே பெரியவன் சொல்லிவிட்டான். எஞ்சினுக்கு இடமும் வலமும் இருக்கிற பக்கத்து மவுண்ட் இரண்டும் சிரமம் இல்லை. பின்பக்கத்து மவுண்ட்தான் வில்லன். எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரச் சுவருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத சந்தில், துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது அதன் போல்ட். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிட்டும் அசையவில்லை.

"நெருப்புக் காட்டிப் பாக்கலாமான்னு கேளுங்க அண்ணி."

"பக்கத்துலயே பெட்ரோல் குழாய் போகுது, கண்ணை எங்க அடகு வச்சான்னு கேளு."

"வேண்டாமாம் தம்பி."

பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, சட்டசபையில சபாநாயகரைப் பாத்துத்தான் பேசணும்னு சொல்லுவாங்க. இங்க நீதான் சபாநாயகரா? ஒண்ணு சொல்றேன் கேளு. நீ இருக்கிற வரைக்கும் இவங்க பேச மாட்டாங்க. உன் வாயை மூடிப் பாரு. வேற வழியில்லாம இவங்க வாய் தன்னால தொறக்கும்."

விளையாட்டாகச் சொன்ன பேச்சு அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. தான் பாலமாக இருக்கிறோம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்? பாலம் இருந்தால் யார் ஆற்றில் இறங்குவார்கள்?

மறுநாள் காலையில் இருவருக்கும் டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னையிலேருந்து நான் யாருக்கும் தூது போக மாட்டேன். ஆளுக்கொரு வாய் இருக்கு, நாக்கு இருக்கு. நேராப் பேசுங்க."

பெரியவன் டீயை ஊதினான். "அதை அவன்கிட்டயும் சொல்லிடு" என்றான்.

அவள் சொல்லவில்லை.

ஷெட்டில் நின்றாள், கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தாள், உதட்டை மட்டும் திறக்கவில்லை. முதலில் வேலை தடுமாறியது. மேலே பெரியவன் நட்டைப் பிடிப்பதற்குள் கீழே சின்னவன் திருப்பிவிட்டான். ஸ்பானர் வழுக்கி போல்ட்டின் மூலை கொஞ்சம் மழுங்கிவிட்டது. இரண்டு பேரும் அவளை முறைத்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு பெரியவன் பானட்டைப் பார்த்துப் பேசினான். "பக்கத்து மவுண்ட் ரெண்டையும் கழட்டிட்டா எஞ்சினைக் கொஞ்சம் முன்னால சாய்க்கலாம். கை உள்ள போகும்."

அடியிலிருந்து சின்னவன் சைலன்ஸர் குழாயைப் பார்த்துப் பேசினான். "கழட்டினா மொத்தப் பாரமும் ஜாக்கு மேலதான் நிக்கும். இது எண்ணெய் கசியிற ஜாக்கு."

"கொஞ்ச நேர வேலைதானே."

"எனக்கென்ன. கை போறது எனக்கில்ல."

அவளுக்கு உள்ளுக்குள் பூத்தது. இத்தனை நாள் அவளைப் பார்த்துப் பேசியவர்கள் இன்றைக்குக் காற்றைப் பார்த்துப் பேசுகிறார்கள். காற்றைப் பார்ப்பதிலிருந்து ஒருவரையொருவர் பார்ப்பதற்கு எவ்வளவு தூரம்? இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். ராத்திரி மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டாள்.

எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கை ஏற்றி, பக்கத்து மவுண்ட்டுகளைக் கழற்றினார்கள். எஞ்சின் ஒரு முனகலோடு முன்னால் சாய்ந்தது. பெரியவன் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ரிங் ஸ்பானரை நட்டில் மாட்டினான். கன்னம் எஞ்சின் மேல் அழுந்தியது. கண் எதையும் பார்க்கவில்லை. விரல்தான் பார்த்தது. கீழே சின்னவன் நீளக் கம்பியின் நுனியில் பாக்ஸ் ஸ்பானரைச் செருகி, கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டித் தொங்கினான். முதலில் இம்மியளவு இறுக்கினான். அப்புறம் எதிர்ப்பக்கம் இழுத்தான். எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"நகருது" என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில், ஒரே சொல்.

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கும் வந்து டயர் மேல் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நட்டு கழன்று வந்தது. பெரியவன் அதைச் சந்திலிருந்து எடுக்கத் தடவிக்கொண்டிருந்தான். சின்னவன் கீழிருந்து போல்ட்டை உருவினான். எஞ்சினைப் பிடித்திருந்த கடைசிப் பிடியும் போயிற்று.

"அண்ணி, ஜாக்கு இறங்குது. கையை எடுக்கச் சொல்லுங்க."

கத்தவில்லை. எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னான். பழக்கம். கீழே கிடக்கிற நாக்கு அண்ணி என்று தொடங்கித்தான் பழகியிருந்தது.

பெரியவனின் கண் உயர்ந்தது. அவளைப் பார்த்தது. அவன் காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாசலில் தபாலுக்கு நிற்கிறவனைப் போல அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை உள்ளேயே இருந்தது. இதுதான் சமயம் என்று அவள் நினைத்தாள். இப்போது விட்டுக்கொடுத்தால் காலையிலிருந்து பட்டதெல்லாம் வீண். "எடுக்கிறேன்டா" என்று ஒரு வார்த்தை. அவன் சொல்லட்டும். நேராகச் சொல்லட்டும்.

அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

மரக்கட்டை வழுக்கியது.

பெரியவன் போட்ட சத்தத்துக்கு வார்த்தை கிடையாது. சின்னவன் ஜாக்கின் கைப்பிடியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியதே தவிர ஏறவில்லை. டாக்ஸிக்காரர் தன் காரின் டிக்கியிலிருந்து சின்ன ஜாக்கை எடுத்துவந்தார். அதைத் திருகித் திருகி எஞ்சினைத் தூக்கும்வரை, அவள் புருஷனின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது வாயைத் திறந்தாள். "எடுங்க, கையை எடுங்க, கையை எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனால் எடுக்க முடியாத நேரத்தில்.

பக்கத்துக் கடைக்காரரின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்னவன் அண்ணனின் கையைத் துண்டில் சுற்றித் தன் மடிமேல் வைத்துக்கொண்டிருந்தான். துண்டு நனைந்து சட்டைக்கு இறங்கி, சட்டையும் நனைந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. இப்போதாவது சொல்லிவிடுவான் என்று அவள் பார்த்தாள்.

"அண்ணி" என்றான் கடைசியில். "ரொம்ப வலிக்குதான்னு கேளுங்க."

அவள் கேட்டாள். "ரொம்ப வலிக்குதாங்க?"

பெரியவன் கண்ணை மூடியபடி தலையை ஆட்டினான்.

"வலிக்குதாம் தம்பி."

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் கட்டு மாற்றும்போது பெரியவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "அந்த நேரம் பாத்து வெளிய ஒரு பைக்கு போச்சு. நல்ல சத்தம். அவன் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது."

தெருவில் அப்போது பைக் எதுவும் போகவில்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஆமாங்க" என்றாள். "கேக்கல."

"எனக்கும் கேக்கல" என்றான் அவன்.

பஞ்சில் மருந்தை நனைத்துத் தையல் ஓரமாகத் துடைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரும் அதை மறுபடி எடுக்கவில்லை. சின்னவன் மட்டும் அந்தப் பழைய ஜாக்கை எங்கோ தூக்கிப் போட்டுவிட்டு, வேறொன்று வாங்கிவந்தான். எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை.

டாக்ஸிக்காரரின் கார் ஷெட்டிலேயே நின்றது. பாவம், அவரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணடிக்கவும் இல்லை. ஷெட்டுக்கு உள்ளேகூட வராமல் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் பிழைப்பு நடக்க வேண்டுமே. புது மவுண்ட்டை மாட்ட வேண்டும். மேலிருந்து நட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தச் சந்தில் நுழைகிற மெலிந்த கையாக இருந்தால் நல்லது.

அவள் வளையலைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்தாள்.

பெரியவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சின்னவன் காருக்கு அடியில். அவள் பானட்டுக்குள் குனிந்து முழங்கைவரை கையை விட்டாள். உள்ளே இரும்பு சில்லென்றிருந்தது. கன்னம் எஞ்சின் மேல் பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"போல்ட்டு ஓட்டையும் மவுண்ட்டு ஓட்டையும் நேரா வர்ற வரைக்கும் அவனை ஏத்தச் சொல்லு."

"தம்பி, ஓட்டை நேரா வர்ற வரைக்கும் ஏத்தணுமாம்."

இப்போதெல்லாம் அவள் ஒரு சொல்லையும் விழுங்குவதில்லை. ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை. ஒருவன் இருமினால்கூட அடுத்தவனிடம் சொல்லிவிடுவாள் போலிருந்தது.

கீழே ஜாக்கின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் அசைந்து, அவள் கையை உரசிக்கொண்டு, நின்றது.

"அண்ணி, நான் இந்தப் பக்கம் போறேன். ஜாக்கு எனக்குத் தெரியாது. அது அப்படியே நிக்குதான்னு அவரைப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

"ஏங்க, ஜாக்கு அப்படியே நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."

பெரியவன் ஸ்டூலிலிருந்து குனிந்து பார்த்தான்.

"நிக்குதுன்னு சொல்லு."

"நிக்குதாம் தம்பி" என்றாள் அவள், கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டபடி.