அடுப்பு கேட்ட கூடைகள்

இலங்கையில் ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம். மடுல்சீமைத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில் நான் அடுப்புக்காரன். கொழுந்தை வாட்ட மூன்று மாடி, சுருட்ட மூன்று ரோலர், உலர்த்த ஒரே அடுப்பு. அதற்கும் ஒரே ஆள்.

மாடிகளில் கொழுந்து முட்டி நின்றது. பக்கத்து வீட்டு மாரிசாமியின் வெள்ளாடு ஒன்று உள்ளே போய் மூன்று நாள் கழித்து வெளியே வந்தது. அதன் பாலைக் காய்ச்சாமலே தேநீராகக் குடித்தோம். சந்தேகமிருந்தால் ஆட்டைக் கேட்கலாம், செத்துவிட்டது.

நாங்கள் குடியிருந்த லயம் கால் மைல். நாலு மாதமாக நான் அங்கே போகவில்லை. என் மனைவி பரிமளம் கொழுந்து நிறுக்க வரும்போது வாசலில் நின்று கூப்பிடுவாள்.

"என்னாங்க, இன்னிக்காச்சும் வருவீங்களா?"

"நீ பறிச்ச கொழுந்துதான் என்னைய விடமாட்டேங்குது புள்ள."

"நீங்க இல்லாத வீட்டுல எனக்கு என்னா வேல? அதான் இன்னும் ஒரு கூடை பறிச்சேன்."

அவள் தனிமைக்குப் பறித்த கூடையையும் நான்தான் தனியாக உலர்த்தினேன்.

பொறுக்காமல் ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் சிவஞானத்திடம் போனேன். "ஐயா, அடுப்பு நாளைக்கு இருநூறு கூடைதான் திங்கும். முந்நூறு பறிச்சா நூறு அழுகத்தானே செய்யும்? ரோலர் எத்தனை ஓடி என்ன?"

அவர் தலையைச் சொறிந்துவிட்டுத் துரையிடம் சொன்னார். மறுநாளிலிருந்து புது வழக்கம். விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே கங்காணி என்னிடம் வந்து நிற்பார்.

"அடுப்பு மகராசா, இன்னிக்கு எத்தன கூடை?"

தேங்கியது தீரட்டுமென்று நூற்றைம்பது என்றேன். மாடிகள் காலியாயின. அதன்பிறகு இருநூறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நூற்றைம்பதென்றால் பொழுது சாயும் முன் வீட்டுக்குப் போகலாமே! மூன்று நாள் போனேன். மூன்று நாளும் பரிமளமும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அவள், "ஒங்க மீசை நரைச்சிருச்சே" என்று சிரித்தாள்.

நான்காம் நாள் கதவு பூட்டியிருந்தது.

"ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்கு இருபது பொம்பளைங்கள அனுப்பிட்டாங்க. மத்தியானமே நடக்க வச்சுட்டாங்க," என்றான் மாரிசாமி. "இங்க கொழுந்து கம்மியாம், ஆள் சாஸ்தியாம்."

நான் டீமேக்கரிடம் ஓடினேன். "இருநூறு கூடைங்க ஐயா! நான் தப்பா சொல்லிட்டேன்!"

"துரை கையெழுத்துப் போட்டாச்சுய்யா," என்றார் அவர்.

"அப்ப என்னையும் அனுப்புங்க."

"ஒன்னையா? மூணு மாடி, மூணு ரோலர், எல்லாம் ஒன்னய நம்பித்தானே ஓடுது. நீ போனா தோட்டமே நின்னுருமே."

மறுநாள் ஞாயிறு, பறிப்பு இல்லை. லயத்தில் இருப்புக்கொள்ளாமல் ஃபெக்டரிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். புகை கண்டு டீமேக்கர் வந்தார்.

"ஒரு இலை கூட இல்ல, எதுக்குய்யா நெருப்பு?"

"குளிருதுங்க," என்றேன்.