அரை நொடி

குணசேகரன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவரைக் கேட்டால், முதலில் ஒளிக்கவிஞர், அப்புறம்தான் மற்றதெல்லாம். பட்டப்பகலில் படம் எடுப்பது கல்யாண வீட்டுக்காரர்கள் வேலை, கலைஞனுக்கு இருட்டு வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை சூரிய அஸ்தமனத்தைப் பிடிப்பதற்காகத் தம்முடைய புகைப்பட மன்றத்தார் பதினோரு பேரையும் காரைக்கால் கடற்கரையில் கடலைப் பார்த்து நிறுத்தினார். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கமாக இறங்கிப் போய்விட்டது. கிழக்குக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். "மேகத்துல விழற நிறம்தான் முக்கியம்" என்றார். பதினோரு பேரும் தலையாட்டினார்கள்.

காரைக்கால் தலத்தெருவில் குடியிருந்தாலும் பக்கத்து வரிச்சிக்குடிக் கிராமத்தில் அவருக்கு அப்பா வழி வந்த நிலம் கொஞ்சம் உண்டு. பார்த்துக்கொள்பவன் செல்லையன். குணசேகரன் வரப்போடு சரி. சேற்றில் இறங்குவதெல்லாம் செல்லையன்தான்.

அந்த வருடம் செல்லையனின் மகள் தமிழ்மொழி டெங்குக் காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தாள். அதற்காக அவன் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினான். பத்து நாள் விரதம். ஒன்பதாம் நாள் கேள்விப்பட்ட குணசேகரன் அன்றைக்கே வந்துவிட்டார்.

"செல்லையா, ஷட்டரை அரை நொடி திறந்து வைக்கப்போறேன். ஓடுறவங்க எல்லாம் புகையாட்டம் கரைஞ்சுடுவாங்க. நடுவுல ஒருத்தன் மட்டும் அசையாம நின்னா எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும் சார்."

"அந்த ஒருத்தன் நீதான். நடுவுல வந்ததும் என்னைப் பார்த்து நில்லு. நான் கையைத் தூக்குவேன், இறக்குனதும் போ."

"நெருப்புல நிக்கக் கூடாதுங்க சார்."

"அரை நொடிப்பா. கண் இமைக்கிற நேரம். உன்னை அம்மா கைவிட்டுடுவாளா?"

நிலத்துக்காரர் அம்மனையே ஜாமீனுக்கு இழுத்த பிறகு செல்லையனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "சரிங்க சார்" என்றான்.

மறுநாள் சாயங்காலம், வானத்தில் கடைசி நீலம் இருக்கும்போதே குழியில் இறங்க ஆரம்பித்தார்கள். மேளம், குலவை, மஞ்சள் தண்ணீர். செல்லையன் நடுவில் வந்து நின்றான். குணசேகரன் இடது கையைத் தூக்கினார், வலது கையால் அழுத்தினார். முதல் படத்தில் புகை மறைத்தது. இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். கேமராவுக்கு அரை நொடி என்றால் அரை நொடி. செல்லையனுக்கு, சார் கையை இறக்கும் வரை அரை நொடி.

குழியைத் தாண்டி அவன் விழுந்தபோது இரண்டு பாதமும் வெந்திருந்தன.

அவன் நின்றதை ஊரே பார்த்தது. தூக்கிய கையை யாரும் பார்க்கவில்லை. அம்மன்தான் பிடித்து நிறுத்திவிட்டாள் என்று பேச்சு. சுத்தமானவனை நெருப்பு சுடாது. சுட்டதென்றால் விரதத்தில் குறை. குறை ஆண்பிள்ளையிடம் இருக்காது, வீட்டில்தான் இருக்கும். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்: காப்புக் கட்டிய வீட்டில் அவன் பெண்டாட்டி அஞ்சுகம் கருவாடு வறுத்தாளாம். வாசம் பிடித்தவர்கள் நாலு பேர். அவர்களில் ஒருத்தி அந்த வாரம் முழுக்க மகள் வீட்டில், அம்பகரத்தூரில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சுகம் கொண்டுபோன மாவிளக்குத் தட்டைக் கோயிலில் வாங்கவில்லை.

"கொஞ்ச நாள் போகட்டும் அஞ்சுகம்," என்றார் கோயில் நாட்டாண்மை மாணிக்கவேல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் கருவாட்டைக் கையால தொடலைங்க பெரியப்பா."

"ஊரு பேசுது, நான் என்ன பண்ண?"

பக்கத்தில் நின்ற தமிழ்மொழி, "எனக்காகத்தானம்மா எல்லாம்" என்று அழுதாள். அஞ்சுகம் விளக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இதற்கிடையில் படம் போட்டியொன்றில் முதல் பரிசு பெற்றது. காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, 'பக்தியின் அசைவின்மை' என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். படத்தின் நாயகனுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. நாயகனால் தரையில் காலை ஊன்ற முடியவில்லை. அதனால் அஞ்சுகமும் தமிழ்மொழியும் பஸ் ஏறி வந்தார்கள்.

அஞ்சுகம் படத்தின் முன்னால் நின்றாள். சுற்றிலும் எல்லாரும் மஞ்சள் புகையாகக் கரைந்திருந்தார்கள். புருஷன் மட்டும், நெற்றி வேர்வை தெரியத் தெளிவாக இருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். வலியைச் சொல்லாமல் முழுங்கும்போது வருகிற முகம்.

பக்கத்தில் குணசேகரன் சிறப்பு விருந்தினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அதிர்ஷ்டம்னு சில பேர் சொல்றாங்க. இல்லவே இல்லைங்க. எல்லாம் திட்டம். எந்த இடத்துல நிப்பான், எவ்வளவு நேரம் நிப்பான், அத்தனையும் முதல் நாளே முடிவு பண்ணி ஃபோகஸை அங்க பூட்டி வச்சுட்டேன்."

"சார்," என்றாள் அஞ்சுகம்.

"அட, வாம்மா! இவங்கதாங்க..."

"அவரு நிக்கப்போறது உங்களுக்கு முதல் நாளே எப்படி சார் தெரியும்?"

விருந்தினர் புன்னகையோடு குணசேகரனைப் பார்த்தார். அவருக்கும் இது நல்ல கேள்வியாகவே பட்டிருக்கும். குணசேகரன் வாயைத் திறந்தார், மூடினார். ஒளியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசக்கூடியவர்.

"நீங்க நிக்கச் சொன்னீங்களா?"

"அரை நொடிதாம்மா சொன்னேன்..."

"வர்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து சொல்லுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பொன்னாடை மீந்தது.

வீட்டில் செல்லையன் கட்டுப் போட்ட கால்களை நீட்டியபடி கிடந்தான்.

"சாரு சொல்லித்தான் நின்னீங்களாமே?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அம்மா நெருப்புல போட்டோவுக்கு நின்னேன்னு எந்த வாயால சொல்றது?"

"கருவாடு வறுத்தேன்னு என்னைச் சொன்னப்ப?"

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

"உங்க பேரு கெடக் கூடாது. எம் பேரு போனாப் போவட்டும். அப்படித்தானே?"

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு வைத்தாள், மருந்து போட்டாள், பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அஞ்சுகம் மறுபடியும் மாவிடித்து, தட்டோடு போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்தாள். பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். விளக்கு வைக்கும் நேரம் வந்தது, குணசேகரன் வரவில்லை. பாதித் தட்டுகள் உள்ளே போன பிறகுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேமரா இல்லாமல் வந்திருந்தார்.

"ஊர்ப் பெரியவர்களே," என்று ஆரம்பித்தார். "ஒளி என்பது ஒரு தவம். அந்தத் தவத்தில் ஈடுபடும் கலைஞன் சில சமயம்..."

"சார்," என்றார் மாணிக்கவேல், "விஷயத்துக்கு வாங்க. திரி எண்ணெய் குடிக்குது."

குணசேகரன் சுற்றிப் பார்த்தார். தலையாட்ட ஆள் இல்லை. செருப்பில்லாத தம் பாதங்களைப் பார்த்தார்.

"நான்தான் அவனை நிக்கச் சொன்னேன். மாட்டேன்னான். கட்டாயப்படுத்தினேன். மூணு படம் எடுக்கிற வரைக்கும் கையை இறக்கல. அவன் கால் வேகுறது எனக்குக் கேமராவுல தெரிஞ்சுது. அப்பவும் இறக்கல."

ஒரு கிழவி "அடப்பாவி" என்றாள். பாராட்டு விழாவில் அவரைப் பற்றி வாசித்த இரண்டு பக்கத்தைவிட அது சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது.

மாணிக்கவேல் எழுந்து வந்து அஞ்சுகத்தின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கினார். "தப்பு எங்களுதும்தான் தாயி. செல்லையன் கால் ஆறுனதும் வரட்டும். அவன் வாயாலயும் இந்த இடத்துல சொல்லணும்."

அஞ்சுகம் அழவில்லை. குணசேகரனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். அது மன்னிப்பில்லை, வந்ததற்கான ரசீது. அவர் அதற்குமேல் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தமிழ்மொழிக்கும் புருஷனுக்கும் மாவைப் பிட்டுக் கொடுத்தாள். செல்லையன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் தின்னாமல் இருந்தான்.

"சாரு வந்தாரா?"

"வந்தாரு. சொன்னாரு." ஒரு வாரம் கழித்து அவனோடு பேசிய முதல் பேச்சு. "கால் ஆறுனதும் உங்களையும் வந்து சொல்லச் சொன்னாரு பெரியப்பா."

செல்லையன் கட்டைப் பார்த்தான். "ஆற இன்னும் நாளாவும்."

"ஆவட்டும்," என்றாள் அஞ்சுகம்.