டிரம்மில் நடந்ததை அவரிடம் சொல்ல நாலு வரி

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என்னிடம் கேட்டது நாலு வரி.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே. அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க, நான் அப்படியே பாத்துப் படிச்சிடறேன்" என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் நான் தட்டு கழுவுகிறவன். அவள் மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதைத் தட்டில் கொட்டி, அது எதைத் தின்றது என்று பிரித்துப் பார்ப்பாள். பிறகு தட்டு என்னிடம் வரும். ஊரை விட்டு வெகுதூரம் வந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். பேச ஆள் இல்லாமல் எழுதப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பிழை இருந்தால் அது என் சொந்தச் சரக்கு.

நாலு வரி வரவில்லை. இதுதான் வந்தது.

2

முதல் தொடக்கம்: "ஒரு காலத்தில் அந்த ஆறு கண்ணாடிபோல்…"

(வேண்டாம். நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் வந்தபோதே மணலை அள்ளிக் குடைந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.)

அடுத்தது: "வெளியூர்க் கெளுத்தியும் நானும்…"

(இதையும் அடித்துவிட்டேன். எங்கிருந்தோ வந்து இந்த ஆற்றில் பெருகிய மீன் என்பதால் எல்லாரும் அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் வந்தவன்தானே என்று நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டாம். கெளுத்திக்கு ஊர் ஞாபகம் வராது. சேறு இருந்தால் போதும்.)

கடைசியாக: அவர் டிரம்மை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இது இருக்கட்டும்.

3

அவர் மீன் பிடிக்கிறவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆய்வுக்கு மீன் கொண்டுவந்து தருபவர் அவர்தான். அவளை டாக்டரம்மா என்பார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட வந்த ஒண்ணாவது உசுரோட வீடு திரும்பியிருக்கா?"

என்னிடம், "தம்பி, கதைல போட்டா என்னைக் கொஞ்சம் உயரமா போடுங்க. உங்க அண்ணி படிப்பா" என்றார்.

(அவர் நல்ல உயரம்.)

ஆற்றுக்கெண்டை காணாமல் போனதற்குக் கெளுத்திதான் காரணம் என்பது அவர் கட்சி. கெண்டை போனதும் அவருடைய மகன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூர தேசத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். "கெண்டை திரும்பி வந்தா சொல்லுங்கப்பா, நானும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். கிளம்பும்போது பிள்ளைகள் அப்படித்தான் எதையாவது சொல்வார்கள். நானும் என் அப்பாவிடம்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

ஒருநாள் அவர் கொண்டுவந்த கெளுத்திகளின் வயிற்றில் கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. அவள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சொன்னேன்ல" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கெளுத்தியை விற்பதில்லை. பிடிக்கிறார், கரையில் அடித்துக் கொல்கிறார், குழி தோண்டிப் புதைக்கிறார்.

"குழியில போடுறதைச் சட்டியில போட்டா என்னவாம்? ஆத்தைச் சுத்தம் பண்றாராம். என் அடுப்புதான் சுத்தமா கிடக்கு" என்றார் அண்ணி.

4

பிறகு ஆய்வுக்காரப் பெண் தானே படகில் போய், பிடித்த இடத்திலேயே கெளுத்திகளை அறுத்துப் பார்த்தாள். எல்லா வயிற்றிலும் சேறு, மக்கிய இலை, புழு. கெண்டை ஒன்றுகூட இல்லை. சந்தேகம் வந்து, போத்தலில் போட்டு வைத்திருந்த பழைய குஞ்சுகளை மறுபடி எடுத்தாள். ஒரு செதில்கூட உதிரவில்லை. செரிக்க நேரமே இருந்திருக்காது.

உயிரோடு வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அவரும் உயிரோடு கொண்டுவந்தார், எல்லாவற்றையும் ஒரே டிரம்மில். எப்போதாவது வலையில் விழுந்த கெண்டைக் குஞ்சுகளையும் அதிலேயேதான் விட்டார். எண்ணிக்கை குறைந்தபோது, வழியில் துள்ளி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"தனித்தனியா கொண்டாங்கன்னு நான் சொல்லியிருக்கணும். ஆபீஸுக்கு அனுப்பின ரிப்போர்ட்டைத் திருத்தியாச்சு, திட்டும் வாங்கியாச்சு. அதெல்லாம் பரவால்ல. அவர்கிட்டதான்…" என்றாள்.

"அப்ப கெண்டை ஏன் போச்சுன்னு கேப்பாரே?"

"அது கூழாங்கல்லுல முட்டை விடுற மீன். மணலோட கல்லையும் அள்ளிட்டாங்க. இவரு கெளுத்தியை மொத்தமா புதைச்சாலும் அது பெருகாது."

(முதல் பிரதியில் இவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் அன்று என்னைத் தடுத்துவிட்டு எல்லாத் தட்டுகளையும் அவளே கழுவினாள். அதனால் மாற்ற வேண்டியதாயிற்று.)

5

ஒரு முடிவு: அவள் சொல்கிறாள், அவர் கேட்டுக்கொள்கிறார், கெளுத்தி மறுபடி சந்தைக்குப் போகிறது. அண்ணிக்குப் பிடிக்கும். ஆனால் மகனிடம் போனில் என்ன சொல்வார்?

இன்னொன்று: யாரும் சொல்வதில்லை. கை ஓயும்வரை அவர் கெளுத்தியை அடித்துக்கொண்டே, மகனுக்காகக் காத்திருக்கிறார்.

மற்றொன்று: "அண்ணே, அந்தக் குஞ்சுங்க உங்க டிரம்முலயே…"

(இந்த வரியை எப்படி மாற்றி எழுதினாலும் அவர் குனிந்து டிரம்முக்குள் பார்க்கிறார்.)

6

இன்று அவர் வந்திருக்கிறார். அவள் வெளியே போயிருக்கிறாள்.

"தம்பி, இங்க வாங்களேன். மூணு கெண்டைக் குஞ்சு. எவ்வளவு நாளாச்சு பாத்து. நான் கொல்லக் கொல்ல அது வருது பாருங்க. பையனுக்குக்கூட போன் போட்டுச் சொல்லிட்டேன்."

நாலு வரி இன்னும் என்னிடம் இல்லை. அதனால் டிரம்மை உங்களிடம் தருகிறேன். அடியில் கெளுத்திகள் கிடக்கின்றன, மீசை அசைகிறது. பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குஞ்சுகளை அள்ளி வேறு பாத்திரத்தில் விடுங்கள். விட்டீர்களா?

அவர் உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். பாத்திரத்தில் இரண்டுதான் நீந்துகின்றன.

"மூடி போட்டுத்தானே கொண்டாந்தேன்" என்கிறார். "இன்னொண்ணு எங்க, தம்பி?"